சிவப்பு வளையம் போட்ட பனை

அந்தப் பனைமரத்தில் இரண்டு வளையங்கள் இருந்தன. மேலே வெள்ளை, கீழே சிவப்பு. டவர் கால்களில் எண் எழுதுவதற்காக எங்கள் அலுவலக ஸ்டோரில் வைத்திருந்த எனாமல் பெயிண்ட் அது. வாடிப்பட்டிக்குத் தெற்கே, வயல்களுக்கு நடுவில் கிடந்த ஒரு பெரிய கண்மாயின் கரையில் அந்த மரம் தனியாக நின்றது. ஏறிப் பூசியவர் அந்த ஊர்ப் பனையேறி. கீழே நின்று அளவுநாடாவைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் ஒரு முழம் மேல போங்கண்ணே, அங்கதான், அங்கயே போடுங்க" என்று கத்தி உயரம் சொன்னவன் நான். அந்தக் குரல் எனக்கு இன்னும் கேட்கிறது. அதில் எவ்வளவு நிச்சயம்! நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மின்சார இலாகாவில் சர்வேயராகச் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து, ஓய்வும் பெற்றுவிட்டேன். பணி நிறைவு விழாவில் சால்வை போட்டார்கள், ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். மைக்கைப் பிடித்த ஒருவர், "சர்வீஸ் முழுக்க ஒரு மெமோகூட வாங்காத மனுசன் நம்ம சார்" என்றார். கை தட்டினார்கள். என் மனைவி முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கோ அந்த மைக்கைப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டு எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. ஒரே ஒரு மெமோ நியாயமாக எனக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் தலைக்கு வர வேண்டியது இன்னொருவர் தலையில் விழுந்தது. மகளிர் கல்லூரி ஒன்றில் விலங்கியல் நடத்திக்கொண்டிருந்த பேராசிரியை அவர். நான் அவரை மேடம் என்றுதான் கூப்பிட்டேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். திண்டுக்கல் சாலையிலிருந்து உசிலம்பட்டிப் பக்கத்துக்கு உயரழுத்தக் கம்பி கொண்டுபோகத் திட்டம் வந்திருந்தது. உசிலம்பட்டிப் பக்கம் அப்போதெல்லாம் சாயந்தரம் ஆனால் டியூப்லைட் எரியாது, கண் சிமிட்டிக்கொண்டே கிடக்கும். கிணற்று மோட்டார்கள் முனகிவிட்டு நின்றுபோகும். கரண்டு வேண்டாம் என்று சொன்னவர் அந்த வட்டாரத்தில் ஒருவர் கிடையாது, மேடமும் சொன்னதில்லை. கம்பி போகும் கோடு அந்தக் கண்மாயின் ஓரத்தைத் தாண்டியது, அவ்வளவுதான் சிக்கல். ஐப்பசியில் வெளிநாட்டிலிருந்தெல்லாம் பறவைகள் இறங்குகிற கண்மாய் அது. டெல்லியில் யாரோ அதைக் கவனித்து, அந்தப் பருவத்தில் ஒருமுறை பறவை நடமாட்டத்தைக் கணக்கெடுத்து, அறிந்தவர் ஒருவரின் கையெழுத்தோடு அனுப்புங்கள் என்று கடிதம் போட்டுவிட்டார்கள். எங்கள் செயற்பொறியாளர் அந்தக் கடிதத்தை அலுவலகம் முழுக்கச் சுற்றுக்கு விட்டுச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். நானும் சேர்ந்துதான் சிரித்தேன், அதைச் சொல்லாமல் விடக் கூடாது.

கணக்கு மோசமாக வந்தால் கோட்டை அரை மைல் மேற்கே தள்ளிக் கண்மாயைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். வளைவுக்கு இரண்டு கனத்த டவர் கூடுதலாக வரும், வேலை சில மாதம் தள்ளிப்போகும். கணக்கு நன்றாக வந்தால் நேராகப் போகலாம். அந்த ஒரு மாதக் கணக்கெடுப்பில்தான் எல்லாமே இருந்தது. செயற்பொறியாளர் ஊரெல்லாம் விசாரித்து மேடத்தைப் பிடித்தார். காலேஜில் பாடம் நடத்துகிற பொம்பளை, வந்து ரெண்டு நாள் குடை பிடித்து நின்றுவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார் என்று அவர் கணக்கு. கூட நின்று உதவ என்னை அனுப்பினார். எனக்கு வேலை கிடைத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, தகுதிகாண் பருவம் முடியவில்லை.

மேடத்துக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். மதுரையில் பழைய ஊருக்குள் ஜவுளிக்கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பம். புடவைத் தலைப்பைத் தலைக்கு மேல் இழுத்துச் செருகி, கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். முதல் நாள் ஜீப் கண்மாய்க்குப் போய்ச் சேர்ந்தபோது காலை பதினொரு மணி. ஆபீஸ் ஜீப் பத்து மணிக்கு முன்னால் கிளம்பாது. கரையில் ஏறி ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "சர்வேயர் சார், பறவைக எல்லாம் உங்க ஆபீஸ் டயத்துக்கா வரும்? அதுகளுக்கும் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் வச்சிருக்கீகளா?" என்றார். நான் அசட்டுத்தனமாகச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து மதுரையில் முதல் பஸ்ஸைப் பிடித்து, இருட்டு விலகும் நேரத்துக்கு வாடிப்பட்டியில் இறங்கினார். நான் அங்கேயே ஒரு அறை எடுத்துத் தங்கினேன். விடியற்காலையில் வரச் சொன்னதற்கு ஜீப் டிரைவர் முதல் வாரம் முழுக்கப் புலம்பினார். கரைக்குப் பக்கத்தில் ஹாரன் அடித்ததற்கு ஒருநாள் அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது இருக்கிறதே, அதற்குப் பிறகு புலம்பலும் நின்றது, ஹாரனும் நின்றது.

எத்தனை பறவை வருகிறது என்று எண்ணிக் கொடுத்தால் போதும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் கேட்ட கேள்வியே வேறு. "எம்புட்டு வருதுங்கிறது எனக்கு ரெண்டாவது. கம்பி நிக்கப்போற உயரத்துல எம்புட்டு வருது? அதுக்கு மேல போறதும் பொழச்சுக்கும், கீழ போறதும் பொழச்சுக்கும். நடுவுல வர்றதுதான் சாகும்" என்றார். இன்னும் போடாத கம்பியின் உயரத்தை வானத்தில் எப்படிப் பார்ப்பது? அப்போதுதான் அந்தப் பனை அவர் கண்ணில் பட்டது. கோட்டிலிருந்து முப்பது தப்படி தள்ளி நின்றது, அதனால் கம்பி வந்தாலும் வெட்ட வேண்டியிருக்காது. எழுபது அடிக்கு மேல் வளர்ந்த மரம். மேல்கம்பி வரும் உயரத்தில் ஒரு வளையம், கீழ்க்கம்பி வரும் உயரத்தில் ஒரு வளையம் போட்டுவிட்டால், பனையும் கோடும் ஒரே பார்வையில் வரும்படி கரையில் உட்கார்ந்து, பறக்கிற ஒவ்வொரு கூட்டத்தையும் வளையத்துக்கு மேலே, இடையே, கீழே என்று பிரித்து எழுதிவிடலாம். எவ்வளவு எளிமையான யோசனை! எங்கள் அலுவலகத்தில் ஒரு பொறியாளருக்கும் இது தோன்றியிருக்காது.

"கம்பி எந்த உயரத்துல வரும், சொல்லுங்க" என்று என்னைக் கேட்டார். என்னைவிட இருபது வயது மூத்த, அவ்வளவு படித்த ஒருவர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு என் வாயைப் பார்த்து நின்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பையிலிருந்த டவர் படத்தை எடுத்து ஜீப்பின் பானெட்டில் விரித்தேன். கம்பி தொங்குகிற கைகளின் உயரம் அதில் அச்சடித்தாற்போல் இருந்தது. கீழ்க்கம்பிக்கு ஐம்பது அடி, உச்சிக் கம்பிக்கு எழுபது அடி என்று படித்துச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். பனையேறி ஏறினார். நான் கத்தினேன். இரண்டு வளையமும் அரைமணி நேரத்தில் முடிந்தது.

அதற்குப் பிறகு வந்த காலைகளை நான் மறக்க மாட்டேன். நாகமலைப் பக்கம் வானம் லேசாக வெளுக்கும்போது அவர் மடக்கு முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார். கழுத்தில் கல்லூரியின் கனத்த பைனாகுலர், மடியில் கோடு போட்ட நீள நோட்டு. ராத்திரி வயல்களில் மேய்ந்த வாத்துக் கூட்டங்கள் விடியும்போது கண்மாய்க்குத் திரும்பும். முதலில் சிறகடிக்கும் ஓசைதான் கேட்கும், பிறகுதான் உருவம் தெரியும். "கிளுவை, பதினாலு" என்பார் அவர். நான் பனையைப் பார்த்து, "கீழ" என்பேன். "உள்ளான், பெரிய கூட்டம்." "கீழ." "மஞ்சமூக்கு நாரை, மூணு." "இடையில... இல்ல மேடம், கீழதான்." அவர் பறவை சொல்ல, நான் உயரம் சொல்ல, நோட்டு நிரம்பும். வெயில் ஏறினால் டிபன் பாக்ஸைத் திறப்பார். அவர் வீட்டுச் சப்பாத்தியையும் எனக்கும் டிரைவருக்குமாகச் சேர்த்து எடுத்து வந்த முட்டைப் பொரியலையும் தின்றுகொண்டே என் கதையெல்லாம் சொன்னேன். அப்பா இல்லாதது, தங்கைக்கு வரன் பார்ப்பது, வேலை இன்னும் நிரந்தரம் ஆகாதது எல்லாம் அவருக்குத் தெரியும்.

ஒருநாள் மழைத்தூறல். ஒரு கூட்டம் வேகமாகக் கடந்தது. நான் சரியாகப் பார்க்கவில்லை. வழக்கம்போல்தானே இருக்கும் என்று "கீழ" என்றேன். அவர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "பாத்தீகளா, நெனச்சீகளா?" என்றார். அந்த வரியை முழுசாகக் குறுக்கே அடித்தார். "பாத்ததச் சொல்லுங்க. நெனச்சதச் சொல்லாதீக. பாக்கலைன்னா பாக்கலைன்னு சொல்லுங்க, ஒண்ணும் தலை போயிராது." அதை அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதற்கு முன்னும் பின்னும் எனக்கு யாரும் இவ்வளவு லேசில் உண்மை பேச இடம் கொடுத்ததில்லை. அந்த இடத்தை நான் என்ன செய்தேன் என்பதைத்தான் இனிமேல் சொல்லப்போகிறேன்.

ஐப்பசி பாதி கழிந்திருந்தது. ஒரு மத்தியானம் மதுரை அலுவலகத்தில், அந்தப் பகுதிக்கான நீளப்படம் வரைய உட்கார்ந்தேன். நிலத்தின் மேடுபள்ளத்தை நீளத்தாளில் கோடாக இழுத்து, டவர்கள் நிற்கும் இடத்தைக் குறித்து, அதன்மேல் ஒரு செல்லுலாய்டு அச்சை வைத்துக் கம்பியை வரைய வேண்டும். அந்த அச்சு நேராக இருக்காது, வளைந்திருக்கும். ஏனென்றால் கம்பி நேராக நிற்காது. இரண்டு டவருக்கு நடுவில் துணி காயப்போடும் கயிறு தொய்வதுபோல் அதுவும் தன் கனத்தில் தொய்யும், வெயிலில் இன்னும் தொய்யும். இது சர்வேயர் வேலையின் அரிச்சுவடி. அச்சை வைத்துப் பென்சிலை ஓட்டினேன். டவரில் ஐம்பது அடியில் தொடங்கிய கோடு இறங்கிக்கொண்டே வந்தது. கண்மாய்க் கரை இரண்டு டவருக்கும் சரியாக நடுவில் இருந்தது. கரைக்கு வந்தபோது பென்சில் முப்பது அடியில் இருந்தது.

என் கை அப்படியே நின்றுவிட்டது. நான் டவரில் கம்பி கட்டுகிற உயரத்தைப் பனையில் போட்டிருக்கிறேன். டவரோ பனையிலிருந்து எங்கோ இருக்கிறது. பனைக்கு நேரே வரும் கம்பி என் சிவப்பு வளையத்துக்கு இருபது அடி கீழே தொங்கப்போகிறது. நான் "கீழ, கீழ" என்று சொன்ன அத்தனை கூட்டமும், பிழைத்துக்கொள்ளும் என்று மேடம் எழுதிக்கொண்ட அத்தனை கூட்டமும், நேராகக் கம்பி வரப்போகிற உயரத்தில் பறந்தவை. வேறு யார் இந்தத் தவறைச் செய்திருந்தாலும் மன்னிக்கலாம். வாத்தியாரோ கவிஞரோ கம்பி தொய்யும் என்பதை மறக்கலாம். நான் அதற்காகவே சம்பளம் வாங்குகிறவன்.

இருந்தாலும் தவறு செய்ததற்காக நான் என்னைத் திட்டிக்கொள்வதில்லை. இளவயது, பெருமை, அவசரம். கெட்டுப்போக எதுவும் இல்லை, இன்னும் பதினைந்து நாள் கைவசம் இருந்தது. பனையேறியைக் கூப்பிட்டு இருபது அடி கீழே இன்னொரு வளையம் போடச் சொல்லியிருந்தால் போதும். மேடம் பழைய பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிட்டு, என்னையும் நாலு வார்த்தை திட்டிவிட்டு, மறுநாள் காலை முதல் கூட்டத்திலிருந்து தொடங்கியிருப்பார். நான் நேராக அவரிடம் போயிருக்க வேண்டும். செயற்பொறியாளரிடம் போனேன்.

அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கதவைச் சாத்தச் சொன்னார். குரலை உயர்த்தவே இல்லை. "தம்பி, அந்தம்மா தொய்வப் பத்தி உன்கிட்ட கேட்டாங்களா?"

"கேக்கல சார்."

"அப்ப கேக்காததுக்கு எதுக்குப் பதில் சொல்ற? பறவைக்குக் கண்ணு இல்லையா? கடலத் தாண்டி, மலையத் தாண்டி வருது. நம்ம கம்பி தெரியாதா அதுக்கு?" அவர் மேஜைக் கண்ணாடியில் விரலால் தாளம் போட்டார். "நீ தப்புப் பண்ணிட்டேன்னு எழுதிக் குடுத்தா நான் மெமோ குடுத்துத்தான் ஆகணும். புரொபேஷன்ல இருக்குற பயலுக்கு மெமோ குடுத்தா என்னாகும்னு உனக்கே தெரியும். அதுல எனக்கென்ன சந்தோஷம்? போ, போய் வேலையப் பாரு."

போய் வேலையைப் பார்த்தேன். அவரை இன்று எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம். திட்டித் திட்டித்தான் பல வருஷம் ஓட்டினேன். அவர் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை, நாற்காலியில் சாய்ந்துகொண்டு இதமாகப் பேசினார். நான்தான் அந்த இதத்துக்கு விழுந்தேன். மறுநாள் விடியற்காலை அதே கரையில், அதே முக்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். "கிளுவை, இருவது" என்றார் மேடம். வளையத்துக்கு வெகு கீழே, முப்பது அடி உயரத்தில் அந்தக் கூட்டம் போனது. "கீழ" என்றேன். அவர் எழுதினார். பதினைந்து நாள் இப்படி. ஒவ்வொரு காலையும், ஒவ்வொரு கூட்டத்துக்கும். பார்த்ததைத்தான் சொல்கிறேன், பொய் சொல்லவில்லையே என்று எனக்கு நானே சமாதானம் வேறு. இதை எழுதும்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல் இருக்கிறது. அவர் முட்டைப் பொரியலை அந்தப் பதினைந்து நாளும் ஒரு வேளைகூட வேண்டாம் என்று சொல்லாமல் தின்றேன்.

அறிக்கை தயாரானது. வந்திறங்கும் பறவைகளில் பெரும்பாலானவை கீழ்க்கம்பிக்கும் கீழேதான் கடக்கின்றன, குறித்த கோட்டில் கம்பி செல்வதால் பெரிய பாதிப்பு இராது என்று எழுதி மேடம் கையெழுத்திட்டார். கையெழுத்துப் போடும் முன் என்னிடம், "உயரமெல்லாம் சரிதானே, ஒருதடவ பாத்துருங்க" என்று தாளை நீட்டினார். பார்ப்பதுபோல் பார்த்தேன். சரி என்றேன். டெல்லி ஒப்புக்கொண்டது. கோடு நேராகவே போனது. அடுத்த கோடையில் டவர்கள் நின்றன, ஆடிக்குள் கம்பி இழுத்தார்கள். அதற்குள் எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, விருதுநகர்ப் பக்கம் மாற்றலும் கேட்டு வாங்கிக்கொண்டேன். கம்பி இழுத்த பிறகு அந்தக் கண்மாய்ப் பக்கம் நான் தலைவைத்துப் படுக்கவில்லை.

அந்த ஐப்பசியில் ஏதோ படம் ஒப்படைக்க மதுரை அலுவலகத்துக்கு வந்திருந்தேன். செயற்பொறியாளர் அறையில் நின்றுகொண்டிருந்தபோது கதவைத் தள்ளிக்கொண்டு மேடம் வந்தார். ஷூவெல்லாம் கண்மாய்ச் சேறு. கையில் ஒரு சாக்கு. அந்த ஊரில் மடை திறந்துவிடும் நீர்பாய்ச்சி கார்டு எழுதிப் போட்டு அவரை வரவழைத்திருந்தாராம். சாக்கை மேஜைக் கண்ணாடியின் மேல் வைத்துத் திறந்தார். ஒவ்வொன்றாக எடுத்து ஃபைல்களின் மேல் வரிசையாகக் கிடத்தினார், கரையில் உட்கார்ந்து எண்ணும் அதே குரலில் சொல்லிக்கொண்டே. "கிளுவை, ஒம்பது. உள்ளான், நாலு. மஞ்சமூக்கு நாரை, ரெண்டு." நாரைகளில் ஒன்றின் இறக்கை தோளோடு அறுந்து தொங்கியது. "இது இன்னைக்குக் காலைல மட்டும் பொறுக்குனது. நாயி இழுத்துட்டுப் போனது கணக்குல இல்ல."

செயற்பொறியாளர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். "மேடம், இதுக்கு நாங்க என்ன செய்ய முடியும்? கீழதான் பறக்குதுன்னு நீங்கதான எழுதிக் குடுத்தீங்க? உங்க கையெழுத்துத்தான அது?" என்றார். அதைச் சொல்லும்போது என் பக்கம் பார்க்காமல் இருப்பதற்கு அவர் பட்ட பாடு எனக்கு நன்றாகத் தெரிந்தது.

மேடம் என் பக்கம் திரும்பினார். "சர்வேயர் சார், நீங்க ஏதும் சொல்லணுமா?" என்று கேட்டார். சாதாரணக் குரல்தான். மழைநாளில் "பாத்தீகளா, நெனச்சீகளா" என்று கேட்டாரே, அதே குரல். நான் அந்த நாரையின் மஞ்சள் மூக்கைப் பார்த்துக்கொண்டு, "இல்ல மேடம்" என்றேன். அவர் தலையசைத்தார். பறவைகளைத் திரும்பச் சாக்கில் போட்டார். ஃபைலில் பட்டிருந்த ரத்தத்தைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டுப் போனார்.

பத்துநாள் கழித்து அவருடைய கடிதம் டெல்லிக்கும் எங்களுக்கும் வந்தது. உயரக் கணக்கில் பிழை இருக்கிறது, அறிக்கையை நம்ப வேண்டாம், பிழைக்கு முழுப் பொறுப்பும் தன்னுடையது, கம்பியை மாற்றுப் பாதைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று எழுதியிருந்தார். நட்டுவைத்த டவரை யார் பிடுங்குவார்கள்? ஒன்றும் நடக்கவில்லை. கல்லூரியில் அவரிடம் விளக்கம் கேட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு எந்த அரசு வேலைக்கும் அவரைக் கூப்பிடவில்லை, பறவை எண்ணத் தெரியாத அம்மா என்று எங்கள் அலுவலகத்தில் வருஷக்கணக்கில் கிண்டல் ஓடியது. அந்தக் கடிதத்தைப் படித்தபோது எனக்கு என்ன தோன்றியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிம்மதி. என் பெயர் அதில் எங்கும் இல்லை. தப்பு தன்னுடையது என்று அவரே நம்பிவிட்டார், வளையத்தில்தான் கோளாறு என்பது அவருக்குப் புரியவே இல்லை என்று நினைத்தேன். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

சில வருஷம் கழித்து மதுரை பஸ் ஸ்டாண்டில் ஒருமுறை அவரைப் பார்த்தேன். ஒளிய நேரமில்லை. "வேலை நிரந்தரம் ஆயிருச்சா? தங்கச்சிக்கு முடிச்சிட்டீகளா?" என்று விசாரித்தார். ஆச்சு மேடம், முடிச்சாச்சு மேடம் என்றேன். "நல்லது" என்றார். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். இவ்வளவு நடந்த பிறகும் என் தங்கையை ஞாபகம் வைத்திருக்கிறாரே, எவ்வளவு நல்ல மனம் என்று அப்போது நினைத்தேன். எவ்வளவு பெரிய மடையன் நான்.

விழாவில் அந்த மெமோப் பேச்சைக் கேட்ட மறுவாரம் அவரைத் தேடிக் கல்லூரிக்குப் போனேன். காலமாகி நாலு வருஷம் ஆகிறது என்றார்கள். வீட்டுக்கு வரப் பிடிக்காமல் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வாடிப்பட்டி பஸ்ஸில் ஏறினேன். இறங்கிக் கண்மாய்க்கு நடந்தே போனேன். தண்ணீர் பாதிதான் கிடந்தது. பனை அங்கேயே நின்றது. வெள்ளை வளையம் உதிர்ந்துவிட்டிருந்தது. சிவப்பு மட்டும், அது சிவப்பு என்று முன்பே தெரிந்தவனுக்குத் தெரிகிற அளவில், திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டிருந்தது. கரையில் வெள்ளாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர், நான் அண்ணாந்து பார்ப்பதைப் பார்த்துப் பக்கத்தில் வந்தார். "என்னண்ணே பாக்குறீக? அந்த வளையம் நான் சின்னப்பயலா இருக்கையிலருந்து கெடக்கு. எதுக்குன்னுதான் தெரியல."

"அந்தக் கம்பி எந்த உயரத்துல வரும்னு காட்டுறதுக்குப் போட்டது" என்றேன்.

அவர் வளையத்தைப் பார்த்தார். முப்பது தப்படி தள்ளி, அதற்கு வெகு கீழே, வயிறு தொங்கிக்கொண்டு போகிற கம்பிகளைப் பார்த்தார். சிரித்துவிட்டார். "கம்பி இம்புட்டுக் கீழயில்ல கெடக்கு! இங்கன நின்னு பாத்தாலே தெரியுதே, சின்னப்புள்ளகூடச் சொல்லுமே."

இங்கே நின்று பார்த்தாலே தெரிகிறது. கம்பி வந்த பிறகு நான் இங்கே வந்து நிற்கவில்லை. மேடம் நின்றிருக்கிறார். அன்று காலை இதே கரையில் சேற்றில் நடந்து, ஒவ்வொரு பறவையாகக் குனிந்து பொறுக்கிச் சாக்கில் போட்டிருக்கிறார். நிமிர்ந்த ஒவ்வொரு முறையும் என் சிவப்பு வளையமும் அதற்கு இருபது அடி கீழே கம்பியும் அவர் கண்ணுக்கு நேரே இருந்திருக்கின்றன. எல்லாம் தெரிந்துகொண்டுதான் அந்த அறைக்குள் வந்தார். தெரிந்துகொண்டுதான் என்னைக் கேட்டார். தெரிந்துகொண்டுதான் பிழை தன்னுடையது என்று எழுதினார், பஸ் ஸ்டாண்டில் வேலை நிரந்தரமாகிவிட்டதா என்று விசாரித்தார். எனக்கு அவர்மேலும் ஆத்திரமாக வந்தது. எல்லோர் முன்னிலும் என் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கக் கூடாதா? அந்த நாரையை என் முகத்தில் எறிந்திருக்கக் கூடாதா? ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, நான் சொல்வேன் என்று நின்றாரே, அதை இனி யாரிடம் போய்ச் சொல்வது?

ஆட்டுக்காரர் இன்னும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒழுங்கா அளக்காம எவனோ போட்டுருக்கான்" என்றார். "யாருண்ணே போட்டது?"

"ஆபீஸ்ல..." என்று தொடங்கினேன். வாய் பழக்கம். நிறுத்திக்கொண்டேன்.

"நான்தான் போட்டேன்" என்றேன். "தப்புன்னு தெரிஞ்சும் சொல்லாம இருந்துட்டேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இன்னொருமுறை அண்ணாந்து அந்த வளையத்தைப் பார்த்துவிட்டு, ஆடுகளைக் கரையிலிருந்து இறக்கி ஓட்டிக்கொண்டு போனார்.